உயர்த்திய ஜீப்பும் அதே கல்லும்

மீமுரேயில் கிராமத்தைத் தாண்டி ஹீன் கங்கைக் கரைக்கு இறங்கும் ஒற்றைத் தடத்தில் ஒரு கல் இருக்கிறது. ஆமை முதுகு போல நடுத் தடத்தில் எழும்பி நிற்கும். முதல் தடவை போனபோது என் ஜிம்னி ஜீப்பின் முன் டிஃபரன்ஷல், அதாவது அக்ஸிலில் புடைத்து நிற்கும் கியர்க் கூடு, அதில் இடித்தது. கொழும்புக்குத் திரும்பி வந்து, ஐந்து மாதம் காசு சேர்த்து, ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் மாற்றி வாகனத்தை 50 மில்லிமீற்றர் உயர்த்திக்கொண்டு மறுபடி போனேன். அதே கல். அதே இடம். அதே சத்தம்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். பம்பர் உயர்ந்திருந்தது, கதவடி உயர்ந்திருந்தது, சேஸிஸ் உயர்ந்திருந்தது. அக்ஸில் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. அது எப்படி உயரும்? ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அக்ஸில். இரண்டு பக்கச் சில்லையும் இணைத்துக்கொண்டு ஒரே துண்டாக நிற்பது. ஸ்பிரிங் அதற்கு மேலே உட்காருகிறது. ஸ்பிரிங்கை நீட்டினால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் எழும்பும், கீழே இருப்பது எழும்பாது. டிஃபரன்ஷலை நிலத்திலிருந்து விலக்கக்கூடியது டயர் ஒன்றுதான். அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி.

இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய ஜிம்னியோ பஜேரோவோ வாங்கிய பொடியன்கள் என்னிடம் வந்து “அண்ணா, எவ்வளவு தூக்கலாம்?” என்று கேட்கிறார்கள். “முதல்ல எந்த டயர் என்று சொல்லு தம்பி” என்பதுதான் என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னுடையது ஜேபி43 மாடல் ஜிம்னி. 1.3 லீற்றர் எம்13ஏ பெற்றோல் என்ஜின், ஏணிச் சேஸிஸ், நான்கு மூலையிலும் கொயில் ஸ்பிரிங். கம்பனி கொடுத்த டயர் 205/70 ஆர் 15. இந்த இலக்கங்களைக் கணக்காக மாற்றத் தெரிந்தால் பாதிப் பிழையைத் தவிர்க்கலாம். 205 என்பது மில்லிமீற்றரில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 வீதம், அதாவது 143.5. மேலும் கீழுமாக இரண்டு சுவர் சேர்ந்தால் 287. நடுவில் 15 இஞ்சி றிம், 381 மில்லிமீற்றர். மொத்த விட்டம் 668. இதே கணக்கில் 215/75 ஆர் 15 டயருக்கு ஏறத்தாழ 704 வரும், 235/75 ஆர் 15 டயருக்கு 734 வரும். முதலாவதைப் போட்டால் டிஃபரன்ஷல் 18 மில்லிமீற்றர் உயரும், இரண்டாவதைப் போட்டால் 33. இந்த வண்டி கம்பனியிலிருந்து வரும்போதே 190 மில்லிமீற்றர் நில இடைவெளியோடு வருகிறது. அதோடு சேர்த்துப் பார்த்தால் 33 பெரிய தொகைதான். அந்த 33 தான் என்னை இழுத்தது.

மீமுரேயிலிருந்து வந்த கிழமையே டயர் கடைக்குப் போனேன். “இரண்டு இஞ்சி தூக்கியிருக்கிறீங்கதானே, 235 தாராளமாப் போகும்” என்றார்கள். கடை வாசலில் பூட்டிப் பார்த்தபோது போகத்தான் செய்தது. நின்ற இடத்தில் எந்த டயரும் போகும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு பக்கச் சில்லு மட்காட்டுக்குள் ஏறி, எதிர்ப் பக்கம் தொங்கும் நேரத்தில்தான் உண்மையான இடம் எவ்வளவு என்று தெரியும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வண்டியைத் திருப்பும்போது முன் டயரின் உட்பக்கம் அக்ஸிலைப் பிடிக்கும் இரும்புக் கையில் உரசியது. பள்ளத்தில் விழுந்தால் பம்பரின் பின்மூலை டயரைச் சீவியது. பம்பரை வெட்டினேன், உள் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி மடித்தேன். கையில் உரசுவதை நிறுத்த ஒன்றில் றிம்மை வெளியே தள்ள வேண்டும், இல்லை ஸ்டியரிங் திரும்பும் அளவைக் குறைக்க வேண்டும். வெளியே தள்ளினால் சில்லு பெயாரிங்குக்குப் பாரம் கூடும். திருப்பத்தைக் குறைத்தால் கொழும்பு ஒழுங்கைகளில் மூன்று தடவை முன்பின் எடுத்தால்தான் திரும்பலாம். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

டயர் வாங்க முன்னர் செய்திருக்க வேண்டிய சோதனை மிக எளியது. அந்த அளவில் ஒரே ஒரு டயரை, பழையதோ தேய்ந்ததோ, யாரிடமாவது இரவல் வாங்குங்கள். முன் சில்லில் பூட்டி, அந்தச் சில்லை உயரமான கட்டின் மேல் ஏற்றி, இடமும் வலமும் முழுதாக ஒடியுங்கள். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிறகு பின் சில்லிலும் அதையே செய்யுங்கள். ஒரு பின்னேரம் போதும். எனக்கு அந்தப் பின்னேரத்தின் விலை ஐந்து டயர்கள். ஏழு மாதம் ஓடிவிட்டு அரை விலைக்கு விற்றேன்.

உரசலை விட என்னைக் கஷ்டப்படுத்தியது என்ஜின். டயர் பத்து வீதம் பெரிதானால் எல்லாக் கியரும் பத்து வீதம் நீண்ட மாதிரி. முன்பு நாலாவது கியரில் மூச்சு வாங்காமல் ஏறிய இடங்களில் மூன்றாவதுக்கு இறங்க வேண்டி வந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் எனக்குப் பின்னால் லொறிகள் வரிசை கட்டின. காலி வீதி நெரிசலில் கிளச் மணக்கத் தொடங்கியது. மலைத் தடத்தில் லோ கியரில் இறங்கும்போது என்ஜின் பிடித்து நிறுத்தும் பலமும் குறைந்தது. இதைப் பலர் யோசிப்பதில்லை. செங்குத்தான இறக்கத்தில் வண்டி நடக்கிற வேகம் கூடிவிடுகிறது, கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது, ஈரக் கல்லில் அது ஆபத்து. பிரேக்கும் பழைய பிரேக்தான், ஆனால் நிறுத்த வேண்டிய சில்லோ பெரியது, பாரமானது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் தந்த காலத்திலிருந்து ஒவ்வொரு நிரப்பலையும் கொப்பியில் எழுதுகிறேன். அதனால் இந்தக் கணக்கு என்னிடம் சரியாக இருக்கிறது. நகரத்துக்குள் பழைய டயரில் லீற்றருக்கு 9.8 கிலோமீற்றர் ஓடிய வண்டி, 235 இல் 8.3 க்கு இறங்கியது. அதுவும் திருத்திய கணக்கு. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும், மீற்றருக்கு அது தெரியாது, குறைத்துத்தான் காட்டும். 235 போட்டவர்கள் மீற்றரில் காட்டும் தூரத்தை 1.1 ஆல் பெருக்கிவிட்டுத்தான் பெற்றோலால் வகுக்க வேண்டும். ஒயில் மாற்றும் தூரத்துக்கும் இதே கணக்குத்தான். வேகமானியையும் போனின் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டேன். பழைய டயரில் முள் 100 காட்டும்போது உண்மை வேகம் 95 ஆக இருந்தது. 235 இல் அது 104. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் எல்லை 100 என்பதால் முள்ளை நம்பிப் போனால் எல்லை மீறியிருப்போம்.

அந்த நெடுஞ்சாலையில்தான் உண்மையான பயம் வந்தது. காலிக்குப் போகும் வழியில் ஒரு பஸ் என்னை முந்தியது. அதன் காற்று பட்டதும் ஜீப் பக்கத்துக்கு நழுவியது, நான் திருத்தினேன், மறுபக்கம் நழுவியது. ஸ்டியரிங் கையில் பாரமே இல்லாமல் மிதந்தது. அம்மா பக்கத்து சீட்டில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பழைய வீதியால் ஐம்பதில் வந்தேன்.

அடுத்த நாள் வீல் எலைன்மென்ட் செய்யப் போனால் எல்லாம் சரி என்று தாள் அடித்துத் தந்தார்கள். அந்தத் தாளோடு தெமட்டகொடையில் ஒரு மெக்கானிக் பாஸிடம் போனேன். நாற்பது வருடமாக ஜீப் வேலை செய்கிறவர். தாளைப் பார்த்தார், வண்டிக்குக் கீழே படுத்தார், எழும்பிக் கையைத் துடைத்தார்.

“தம்பி, தூக்குறது ஒரு நாள் வேலை. தூக்கினதை நேரா ஓட வைக்கிறதுதான் வேலை. அதை யாரும் செய்யல்ல.”

“எலைன்மென்ட் சரியென்று போட்டிருக்கே அண்ணை?”

“டோ சரி. காஸ்டர் எங்க? வாசிச்சுப் பாருங்க.”

காஸ்டருக்கு நேரே இருந்த இலக்கம் கிட்டத்தட்ட பூச்சியம். முழு அக்ஸில் வண்டியில் எலைன்மென்ட் கடைக்காரர் திருப்பக்கூடியது டோ மட்டும்தான், அதாவது முன் சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு, அதனால் மற்றதை அவர்கள் பார்ப்பதும் இல்லை. காஸ்டர் என்பது என்ன என்று அவர் எனக்கு வாசலில் கிடந்த சைக்கிளைக் காட்டி விளக்கினார். சைக்கிளின் முன் ஃபோர்க் நிமிர்ந்து நிற்காது, மேல்முனை ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேரே போகிறது, திருப்பிய பின் ஹாண்டில் தானாக நடுவுக்கு வருகிறது. ஜீப்பின் முன் சில்லு திரும்பும் அச்சுக்கும் அதே சாய்வு உண்டு. ஜிம்னியில் அக்ஸிலைப் பிடிக்கும் இரண்டு கைகள் பின்னோக்கி நீண்டு சேஸிஸில் பூட்டியிருக்கின்றன. சேஸிஸை உயர்த்தினால் கையின் பின்முனையும் உயரும், அதோடு அக்ஸில் முன்பக்கமாக உருளும், சாய்வு போய்விடும். 50 மில்லிமீற்றர் உயர்த்தினால் இரண்டு மூன்று டிகிரி போய்விடுகிறது. இந்த வண்டிக்கு அதுவே பெரும்பகுதி.

இதற்கு மருந்து, துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும் புஷ், அதாவது கையின் முனையில் போல்ட் நுழையும் உருளை. கைகள் அக்ஸிலோடு சேரும் நான்கு இடத்திலும் பழையதைப் பிரெஸ்ஸில் தள்ளி எடுத்துவிட்டு அதை ஏற்றினால் அக்ஸில் பழைய சாய்வுக்குத் திரும்பும். பஞ்சிகாவத்தையில் மூன்று உதிரிப்பாகக் கடை ஏறி இறங்கியும் கிடைக்காமல், கடைசியில் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தேன். துளை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மாறிப் போட்டால் இருந்த சாய்வும் போகும்.

அடுத்தது பானார்ட் கம்பி. அக்ஸில் இடம்வலம் நகராமல் பிடிப்பது. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அக்ஸிலில். வண்டியை உயர்த்தினால் கம்பி செங்குத்தாகச் சாயும், குறுக்காக எட்டும் தூரம் குறையும், அக்ஸிலை ஒரு பக்கம் இழுக்கும். பாஸ் ஒரு நூலில் நட்டைக் கட்டி மட்காட் விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். 18 மில்லிமீற்றர் வித்தியாசம். அப்படியென்றால் அக்ஸில் 9 மில்லிமீற்றர் நகர்ந்திருக்கிறது. நீளத்தை மாற்றக்கூடிய கம்பி போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தோம். ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றதையும், வளையத்தைக் கழற்றாமல், ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டின் நீளத்தை மாற்றிச் சரி செய்தார்.

இந்த இடத்தில் அவரிடம் கற்ற ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். றப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. கொளுவி மட்டும் வைத்துவிட்டு, சில்லு நிலத்தில் நின்று முழுப் பாரமும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் றப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, சில மாதத்தில் கிழியும். என் முதல் வேலையில் அப்படித்தான் இறுக்கியிருந்தார்கள். கழற்றியபோது பின் புஷ் இரண்டிலும் வெடிப்பு.

கண்டி வீதியில் யக்கல தாண்டி 65 அளவில் ஒரு பள்ளம் விழுந்ததும் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு ஆடத் தொடங்கிய பிரச்சினையும் எனக்கு இருந்தது. ஜிம்னிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த நடுக்கம் அது. ஸ்டியரிங் டம்பர் மாற்றச் சொல்லிப் பலர் சொன்னார்கள். பாஸ் மறுத்துவிட்டார். டம்பர் ஆட்டத்தை அமுக்கும், ஆட்டத்தின் காரணம் உள்ளேயே இருக்கும். ஒருவரை உள்ளே இருத்தி ஸ்டியரிங்கை இடம்வலமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டச் சொன்னார், கம்பி முனைகளில் கையை வைத்து எங்கே தட்டுகிறது என்று தேடினார். பானார்ட் புஷ் தளர்ந்திருந்தது, முன் சில்லு திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பெயாரிங் தேய்ந்திருந்தது. பெரிய டயர் நோயைக் கொண்டுவரவில்லை, இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டியது. அதனால் உயர்த்தும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் இருக்கிற தளர்வுகளையெல்லாம் திருத்திவிட்டு உயர்த்துங்கள்.

அதற்குப் பிறகு 235 ஐ விற்று 215/75 ஆர் 15 போட்டேன். என்ஜின் மீண்டும் உயிரோடு இருக்கிறது. கொப்பியில் 9.3 கிலோமீற்றர். ஜிபிஎஸ்ஸோடு பார்த்தால் முள் 100 இல் உண்மையும் 100. உரசல் இல்லை. சொல்லப்போனால் இந்த அளவு டயருக்கு ஜிம்னியை உயர்த்தவே தேவையில்லை. ஆகவே என் வெளிப்படையான அபிப்பிராயம் இது: 215/75 போட்டு, உயர்த்தாமல், ஒரு வருடம் ஓடுங்கள். வயிறோ பம்பரோ தட்டுகிற இடங்களுக்கு அடிக்கடி போகிறீர்கள் என்றால் பிறகு உயர்த்துங்கள். நான் உயர்த்தியதைக் கழற்றவில்லை. கூரையில் தண்ணீரும் கூடாரமும் ஏற்றிக் குடும்பத்தோடு போகும்போது அந்த ஸ்பிரிங் உதவுகிறது, மேட்டில் ஏறும்போது பம்பர் மண்ணைக் குத்துவதில்லை. ஆனால் வண்டியின் பாரம் மேலே போய்விட்டது என்பதை ஒவ்வொரு வளைவிலும் நினைவில் வைத்து ஓட்டுகிறேன்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே எந்தக் கடையில் விட்டாலும் கேட்காமல் 32 பிஎஸ்ஐ அடிப்பார்கள். என் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் முன்னுக்கு 23, பின்னுக்கு 26. ஜிம்னி அவ்வளவு இலேசான வண்டி. புது டயர் தடித்த சுவர் கொண்டது என்பதால் அந்த இலக்கமும் அப்படியே பொருந்தாது. டயரின் குறுக்கே சோக்கால் தடித்த கோடு போட்டு, நேரான தார் வீதியில் கொஞ்ச தூரம் ஓடிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்றுக் கூட, இரண்டு ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. எனக்கு 26 இல் கோடு சமமாக அழிந்தது. கற்பிட்டி மணலில் 15 க்கு இறக்குகிறேன். முன்பு புதைந்த இடத்தில் இப்போது மிதந்து போகிறது, தார் வீதிக்கு ஏறும் முன் சின்னக் கொம்பிரசரால் ஏற்றிவிடுகிறேன். இவ்வளவு செலவு செய்ததில் எனக்கு அதிகப் பலன் தந்தது அந்தக் கொம்பிரசர்தான்.

உயர்த்திய அன்றே பார்க்க வேண்டியது பிரேக் ஹோஸ். சேஸிஸை ஜாக்கில் தூக்கி அக்ஸிலை முழுதாகத் தொங்கவிடுங்கள். ஹோஸ் வயலின் தந்தி போல இழுபட்டு நின்றால் வண்டியை வீதிக்கு எடுக்க வேண்டாம். ஏபிஎஸ் வயர், டிஃபரன்ஷல் மூச்சுக் குழாய், முன் ஹப்புக்குப் போகும் காற்றுக் குழாய் எல்லாவற்றையும் அதே நேரம் பாருங்கள். மூச்சுக் குழாயை நான் என்ஜின் அறை வரை நீட்டிவிட்டேன். 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டியில் உறவினர் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோன வேறொரு ஜீப்பின் டிஃபரன்ஷல் ஒயில், பிறகு திறந்தபோது பால் தேநீர் நிறத்தில் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி நீரை உறிஞ்சிவிடும். உயரமான ஜீப் என்ற தைரியத்தில் வெள்ளத்துக்குள் இறங்குகிறவர்கள் தங்கள் என்ஜின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றியதால் அது உயர்ந்தது 50 மில்லிமீற்றர் மட்டும்.

ஐந்தாவது சில்லும் அதே அளவில் வேண்டும். வேறு அளவுச் சில்லோடு நாலு சில்லு இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றி கியர்ப் பெட்டியை முறுக்கும். வண்டியோடு வந்த ஜாக் எட்டுகிறதா என்று வீட்டு வாசலிலேயே பாருங்கள். எனக்கு அக்ஸிலுக்குக் கீழே வைத்தும் எட்டவில்லை, ஒரு தடித்த பலாப் பலகைத் துண்டைச் சீட்டுக்கடியில் வைத்திருக்கிறேன். முன் லைட்டைக் கீழே இறக்கி அமையுங்கள், இல்லாவிட்டால் எதிரே வரும் முச்சக்கர வண்டிக்காரரின் கண்ணில் நேரே அடிக்கும். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நிறுத்துகிறவர்கள் கூரை ராக்கோடு உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவையுங்கள். காப்புறுதிக்கு மாற்றங்களை எழுத்தில் அறிவித்து, பற்றுச்சீட்டுகளின் பிரதியையும் கொடுத்தேன். சில்லு நட்டுகளையும் கீழே உள்ள போல்ட்டுகளையும் 100 கிலோமீற்றரில் ஒரு தடவை, 500 இல் ஒரு தடவை இறுக்கிப் பார்த்தேன். 100 இல் இரண்டு நட் அரைச் சுற்றுப் பிடித்தன.

கல்லுக்கு மூன்றாவது தடவையும் போனேன். இந்த முறை 18 மில்லிமீற்றர் கூட. வண்டியை நிறுத்தி இறங்கி, டிஃபரன்ஷல் வலது பக்கமாக இருப்பதைப் பார்த்து, கல்லை நடுவில் விடாமல் வலது முன் சில்லை அதன் முதுகிலேயே ஏற்றினேன். காற்றுக் குறைத்த டயர் கல்லைச் சுற்றி அமுங்கிப் பிடித்தது. சில்லு ஏறும்போது டிஃபரன்ஷலும் அதோடு ஏறியது. இப்படி ஓட்டியிருந்தால் முதல் தடவையே, அந்தப் பழைய டயரிலேயே, தட்டாமல் போயிருக்கலாம்.

அம்மாவுக்கு இப்போது ஜீப்பில் ஏற முழங்கால் எட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோவிலுக்குப் போக, முன் கதவுக்குக் கீழே படி ஒன்று பொருத்தினேன். அது தடத்தில் கல்லைத் தட்டும் என்பதால், பயணம் போகும்போது நாலு போல்ட்டையும் கழற்றி வீட்டில் வைக்கிறேன், வந்ததும் பூட்டுகிறேன். பின் கதவு, பாரமான சில்லைச் சுமந்து கொஞ்சம் தொங்கத் தொடங்கியிருக்கிறது. கீலுக்கு உள்ளே தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார். அடுத்த போயா விடுமுறைக்கு மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து விடச் சொன்னார்.